பட்டன் குடை

பேருந்து நிலையத்தின் பின்கட்டில், தொலைந்த சாமான்கள் வைக்கும் அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தார் குமாஸ்தா. பழையதைத் தொலைத்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை. காணாமல் போன எருமை கலம் பால் கறக்கும் என்பார்கள். கேட்டுக் கேட்டு அவருக்குச் சிரிப்பும் வற்றிவிட்டது, கோபமும் வற்றிவிட்டது.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தலையோடு இருவர் வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். பின்னால் அவர் மனைவியின் தம்பி.

“குடை சார். நேத்து ஏழாம் நம்பர் பஸ்ஸுல விட்டுட்டேன்.”

“எப்படி இருக்கும்?”

வாத்தியார் மைத்துனனை ஓரக்கண்ணால் பார்த்தார். “புதுசு. மரக் கைப்பிடி. பட்டனைத் தட்டினா பட்டுன்னு விரியும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே மச்சான்!” என்றான் மைத்துனன்.

ஏழாம் நம்பரில் வந்தது ஒரே குடை. துணி வெளுத்து, ஒரு கம்பி துருத்திக்கொண்டு, கைப்பிடியில் சணல் சுற்றியிருந்தது. குமாஸ்தா அதை மேசையில் வைத்தார். வாத்தியாரின் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே கூம்பியது.

“சேச்சே, இது என்னுது இல்ல.”

“இதைத் தொலைச்சவன் தலைமுழுகிட்டுப் போயிருப்பான். தேடியா வருவான்?” என்று மைத்துனன் சிரித்தான். வாத்தியாரும் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

கால் மணி நேரம் கழித்து வாத்தியார் மட்டும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

“அந்தக் குடையை யாரும் கேட்டு வரலைன்னா... எங்க தெருவுல ஒரு கிழவர் இருக்கார். பாவம், குடுக்கலாம்னு.”

விதிப்படி தர முடியாது. ஆனால் விதியைச் சொன்னால் அவர் கிழவரின் பூர்வகதையைச் சொல்வார். அதைக் கேட்கத் தெம்பில்லாமல் குமாஸ்தா நோட்டை நகர்த்தினார். “கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.”

வாசலில் நின்று வாத்தியார் குடையை விரித்தார். கட்டைவிரலால் மூன்றாவது கம்பியை உள்ளே தள்ளி, கைப்பிடியை இடப்பக்கம் அரைத் திருப்பு. பல வருடம் கூடக் குடித்தனம் நடத்தினவனுக்குத்தான் அந்தச் சூட்சுமம் தெரியும். குமாஸ்தா பார்க்காததுபோல் பென்சிலைச் சீவினார்.

மறுநாள் காலை மைத்துனன் தனியாக வந்தான்.

“சார், என் குடை ஒண்ணு தொலைஞ்சிடுச்சு. புதுசு. மரக் கைப்பிடி, பட்டன்...”

“தட்டினா பட்டுன்னு விரியுமா?”

“ஆமா சார்! வந்திருக்கா?”

மேசைக்குப் பின்னால் இருப்பவனுக்குக் கண் கிடையாது என்பது ஜனங்களின் நம்பிக்கை.

“அது நேத்தே போயிடுச்சு தம்பி. உங்க மச்சான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டார்.”

அவன் முகம் செத்து, பிறகு சிவந்தது. “பார்த்தீங்களா! கிடைக்கவே இல்லைன்னு நேத்து அக்காகிட்டயும் சொன்னாரு. நான் இரவல் கேட்டுடுவேன்னு ஒளிச்சு வச்சிருக்கார். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

குமாஸ்தா கூப்பிட வாயெடுத்தார். உண்மையைச் சொன்னால் வாத்தியாரின் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் வீட்டு நிம்மதி போகும். எதைக் காப்பாற்றுவது என்று யோசித்து முடிப்பதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டிவிட்டான்.

வாரக் கடைசியில், தூறலில், பஸ் நிறுத்தத்தில் இருவரையும் பார்த்தார். மைத்துனன் கையில் பளபளவென்று மரக் கைப்பிடிக் குடை. வாத்தியார் தலைக்குமேல் சணல் சுற்றியது.

“கடையில வாங்கிட்டு வந்து, இதுதான் அதுன்னு குடுத்துட்டேன் சார்,” என்று வாத்தியார் காதோடு சொன்னார். “வேற வழி?”

குமாஸ்தா தலையாட்டினார். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.