ஹெஃபர்னன் பின்கதவில் நாய்க்கூட்டம்

பெர்னி டூஹிக்குக் காலையில் ஒரு விஷயம் தெரிந்தால் மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அவளே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டிச் சுருட்டிவிடும் தொழில். தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர்களிடம் வாயையும் பிடுங்காமல் விடுவாளா? அப்பேர்ப்பட்டவள் டெர்பி நாய்ப் பந்தயத்து இறுதி ஓட்ட வாரம் முழுக்க வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

திங்கட்கிழமை அவள் வீட்டு டெரியர் நாய் ஜாஸ்பர் தனக்குப் பிடித்த பன்றித்தோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாட ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கான் ஹெஃபர்னனின் கொட்டில். அதில் நெல் என்று பெயர் வைத்த நாய் இருந்தாள். அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்து இந்த ஒரு தெருவிலிருந்து புறப்பட்டு, சுற்றுக்குச் சுற்று ஜெயித்து, டப்ளினில் சனிக்கிழமை ஓடும் ஆறு வேட்டை நாய்களில் ஒன்றாக வந்து நிற்கிற பெண் நாய்.

செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்து ஸ்பேனியல் வந்து ஹெஃபர்னன் பின்கதவில் படுத்தது. அதன் பின்னால் பால்பண்ணை நாய்கள். புதனன்று பங்குத்தந்தையின் கிழட்டுக் கோலி நாயே வந்துவிட்டது. மணியடித்தாலும் எழுந்திருக்காத ஜென்மம் அது. பெர்னிக்கு விளங்கிவிட்டது. நெல் பருவத்துக்கு வரப்போகிறாள்!

பருவத்துக்கு வந்த பெண் நாயை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். இன்னும் வராதது என்றால் ஓடலாம். வந்ததா வரவில்லையா என்று ஓட்டத்துக்கு முன் மருத்துவர் பார்ப்பார். சும்மா பார்த்தால் மேலோட்டமாகப் பார்ப்பார். எவராவது போனில் கோள் மூட்டியிருந்தால் கண்ணாடி போட்டுப் பார்ப்பார். தெரு மொத்தமும் ஜூலை மாதமே, முதல் சுற்றுக்கு முன்பே, ஒன்றுக்கு ஐம்பது என்று நெல் மேல் பந்தயம் கட்டியிருந்தது. அந்த வகைப் பந்தயத்தில் நாய் ஓடாமல் போனாலும் போட்ட பணம் பந்தயம் வாங்குகிற புக்கிக்குத்தான். பெர்னி போட்டது ஐம்பது பவுண்ட். அவள் புருஷன் மாஸிக்கு அது தெரியாது. நெல் ஜெயித்தால் சதுக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய செருப்புக்கடை அவளுடையது. அந்தக் கடை ஜன்னலில் நின்றால் கோயில் வாசல், வங்கி வாசல், மதுக்கடை வாசல் மூன்றும் ஒரே பார்வையில் விழும். பெர்னிக்கு அதைவிடச் சொர்க்கம் வேறு இல்லை.

அவள் சுவரோரம் போனாள். கான் நாய்க்காக ஆட்டுத்தலை வேகும் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"கான், உன் வாசல்ல என்ன மாநாடு?"

"ஆட்டுத்தல வாசனைக்கு வந்துருக்குங்க."

"வருஷம் பூராத்தான் ஆட்டுத்தல வேகுது. ஃபாதரோட நாய் என்னைக்கு வந்துச்சு?"

கானின் கரண்டி நின்றது. "போன தடவை நவம்பர்ல வந்துச்சு, அந்தக் கணக்குப்படி இன்னும் பத்து நாள் இருக்கு பெர்னி."

"கணக்கு உனக்குத் தெரியும். நாய்க்குத் தெரியுமா?"

"சத்தியமா இன்னும் வரல. வந்தா நானே நிறுத்திருவேன். எங்கப்பன் காலத்துல இருந்து டெர்பிக்கு ஏங்கிக் கிடக்கிற வீடு இது." அவர் குரலைத் தணித்தார். "தாயே, உன் கால்ல விழுறேன். இந்த ஒரு தடவை மட்டும் வாயை மூடிக்க."

"நான் என்ன ஊர் ரேடியோவா?" என்றாள் பெர்னி. கான் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தலைகள் வரிசை கட்டின. பேச்செல்லாம் டெர்பிதான். முன்னெல்லாம் டப்ளினின் இரண்டு மைதானங்களும் பந்தயத்தைப் பங்கு போட்டுக்கொண்ட கதை. ஆஃபலி மாவட்டத்துப் பாதிரியார் வளர்த்த மிக் த மில்லர் என்ற நாய் கடல் தாண்டிப் போய் லண்டன் டெர்பியை இரண்டு வருஷம் ஜெயித்த கதை. செத்தபிறகு அதற்கு வைக்கோல் அடைத்து மியூசியத்தில் நிறுத்தியிருக்கிற கதை. "நம்மூரு ஆம்பளைங்களை அடைச்சு வச்சா யாரு காசு குடுத்துப் பாப்பா?" என்று ஒருத்தி கேட்க, அறை குலுங்கியது. பெண் நாய் டெர்பி ஜெயிப்பது அபூர்வம் என்றாள் இன்னொருத்தி. பெர்னி உதட்டைக் கடித்துக்கொண்டு சுருள் குழாய்களை எண்ணாமல் எடுத்து எண்ணாமல் வைத்தாள்.

கடைசியாக வந்தவள் இமெல்டா. ஊர்ப் புக்கி டெக்லன் ஸ்கல்லியின் மனைவி. கான்வென்ட்டில் பெர்னிக்குப் பக்கத்து இருக்கை. அவள் தலையில் தண்ணீர் பட்டதுமே ஜாஸ்பர் கொல்லையில் ஊளையிட்டது.

"எதுக்குடி அழுவுது அது?"

"பல்வலி."

"ஊர் நாய்க்கெல்லாமா பல்வலி? ஹெஃபர்னன் சந்துல கால் வைக்க முடியலியே."

ஒரு ரகசியத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு ரகசியத்தை அவிழ்ப்பதுதான். கைவசம் வேறெதுவும் இல்லாததால் தன்னுடையதையே அவிழ்த்தாள். "இமெல்டா, யார்கிட்டயும் சொல்லிராத. மாஸிக்குத் தெரியாம அம்பது பவுண்ட் போட்டிருக்கேன். ஜெயிச்சா அந்தச் செருப்புக்கடைய வாங்கப் போறேன்."

கண்ணாடிக்குள் இமெல்டா அவளை நேராகப் பார்த்தாள். "அதை டெக்லன் போன மாசமே வாங்கியாச்சுடி. உங்க நெல் ஜெயிச்சா அதையும் வித்துதான் தெருவுக்குப் பணம் குடுக்கணும். வாங்குன பந்தயத்துல பாதிய நெல் மேலயே வேற புக்கிகிட்ட கட்டி இறக்கி வையுங்க, நஷ்டம் கொறையும்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். கேக்கல, பேராசை." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் நாய்ப்பண்ணையில பொறந்து வளந்தவ, பெர்னி. கதவுல ஆம்பள நாய் கூடுனா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

பெர்னி சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்காவது போன் பண்ணப் போறியா?" என்று கேட்டாள்.

"முதல்ல என் தலைய முடிச்சு விடு," என்றாள் இமெல்டா.

அன்று ராத்திரி பெர்னி தூங்கவில்லை. சனிக்கிழமை பேருந்தில் டப்ளினுக்குப் போகும்போதும் ஒரு இருக்கையில் நிலைகொள்ளவில்லை. "எறும்புப் புத்துல உக்காந்தவ மாதிரி நெளியிறியே, என்னடி?" என்றார் மாஸி. "முதுகு," என்றாள். மைதானத்தில் தெருக்காரர்கள் பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தோடு ஆரவாரித்தார்கள். அவளோ எந்த நேரமும் ஒலிபெருக்கி 'இரண்டாம் பெட்டி காலி' என்று சொல்லி நெல்லை விலக்கிவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை. ஆறு நாய்கள் அணிவகுத்தன. நீலச் சட்டையில் நெல்! பக்கத்தில் கான், சுண்ணாம்பு அடித்த முகத்தோடு.

அப்படியானால் இமெல்டா போன் செய்யவில்லை. ஏன்? பெர்னிக்கு நெல்லைவிட இப்போது அதுதான் குடைந்தது. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு தேடினாள். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றாள் இமெல்டா.

இயந்திர முயல் சீறிக்கொண்டு போனது. பெட்டிகள் திறந்தன. நெல் அம்பு மாதிரிப் புறப்பட்டு முதல் வளைவிலேயே உள்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஆரஞ்சுச் சட்டை, எல்லோரும் ஜெயிக்கும் என்று சொன்ன கார்க் மாவட்டத்து நாய்.

"வாடி என் தங்கமே! நெல்லு! விட்டுராதடி!"

தொண்டை கிழியக் கத்தியது பெர்னி இல்லை. தன் புருஷனை நடுத்தெருவில் நிறுத்தப் போகிற நாய்க்காகத் தலைமுடி கலைந்து பறக்கக் குதித்துக்கொண்டிருந்தாள் புக்கியின் மனைவி. அவள் கையில் ஒரு சீட்டு. அதில் லிமெரிக் புக்கி ஒருத்தனின் பெயர் பெரிய எழுத்தில்.

"அடிப்பாவி!" என்றாள் பெர்னி.

"அந்த மனுஷன் இறக்கி வைக்கல. அதான் நெல் மேல நான் வச்சேன். அம்மா குடுத்த வளையலை வித்து வச்சேன்," என்று பந்தயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் இமெல்டா. "அவர் தோத்தா இதை வச்சுக் குடும்பம் நடத்தலாம். இல்லாட்டி... ஐயோ, வெளிய போறாளே, வெளிய போறாளே!"

கடைசி வளைவில் நெல்லின் வேகம் தளர்ந்தது. பருவம் நெருங்கும் நாய்க்கு உடம்பு கனக்கும் என்பார்கள். கொஞ்சம் அகன்றாள், அந்த இடுக்கில் ஆரஞ்சுச் சட்டை தலையை நுழைத்தது. இரண்டும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டின. போட்டோ பார்த்துச் சொல்கிறோம் என்றது ஒலிபெருக்கி. பெர்னியும் இமெல்டாவும் ஒருவர் கையை ஒருவர் நகம் பதியப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒலிபெருக்கி சொன்னது ஐந்தாம் எண், ஆரஞ்சுச் சட்டை.

தெரு மொத்தமும் ஒரே குரலில் முனகியது. இமெல்டாவின் விரல்கள் தானாகத் திறந்தன. சீட்டு கீழே விழுந்தது.

அதே நேரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் டெக்லன் ஸ்கல்லி. முகமெல்லாம் பல். "பொழச்சோம் இமெல்டா! பொழச்சோம்! பாத்தியா, நான் சொன்னா யாராவது கேக்குறீங்களா? பெர்னி, மனசு விடாத. சதுக்கத்துல அந்தச் செருப்புக்கடைல புதுப் பந்தயக்கடை தொறக்குறேன். அடுத்த வருஷம் அங்க வந்து கட்டு." அப்புறம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஏன் கண்ணு கலங்கியிருக்கு? ஜெயிச்சது நாமதானே?"

இமெல்டாவின் கண் கீழே கிடந்த சீட்டுக்குப் போனது.

பெர்னி அந்த மனிதரின் பற்களைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடலாம். அவள் வாழ்நாளில் கிடைத்த சேதிகளிலேயே பெரிய சேதி நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது.

"சந்தோஷக் கண்ணீர்தான் ஸ்கல்லி," என்றாள். "எங்க தெரு பணம் மொத்தமும் உங்க பையில வந்து விழுந்தா அவ அழாம என்ன பண்ணுவா?"

அவர் ஊரே கேட்கச் சிரித்தார். பெர்னி வலதுகாலைக் கொஞ்சம் நகர்த்தி அந்தச் சீட்டின் மேல் வைத்தாள். அவர் தன் நண்பர்களிடம் திரும்பிப் போகும்வரை காலை எடுக்கவில்லை.