சாவு வீட்டு நாற்காலியைத் தேடுகிறவர்கள்

“அப்படின்னா உன் அக்கா மகனையும் நாற்காலியோட சேர்த்து வித்துடு,” என்று போவாடு கத்தியபோது தெருவில் பாதிப் பேர் வேலையை நிறுத்தினோம். மீதிப் பாதிப் பேர் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள்.

“அவனை இழுக்காதே. அவன் வர்றதுக்கு முன்னாடி இந்த போனுக்கு யாரு கூப்பிட்டா? உன் தம்பி ஒருத்தன்தான். அதுவும் வண்டியை இரவல் கேட்டு.” இது ஃப்ரேமா. அவள் போவாடுவின் மனைவி. குமாசி நகரத்தில் எங்கள் பேட்டையான தாஃபோவில் சாவு வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவள்.

“இப்ப அவனும் கூப்பிடறதில்ல. அதுதான் உன் அசாரே பண்ணின சாதனை.”

எதிர்ச் சாரியில் என் தையல் கடை. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால் தையல் மெஷினுக்குச் சத்தமில்லை, காதுக்கும் தடையில்லை. வேண்டுமென்று கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். கேட்காமலிருக்க நான் எந்த முயற்சியும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சண்டைக்குக் காரணம் அவர்களுடைய வலைத்தளம். நாற்காலி வாடகைக்கு வலைத்தளம் எதற்கு என்று எங்கள் தெருவில் முதலில் சிரிக்காதவர்கள் இல்லை. தாஃபோவில் ஒருவர் செத்தால், ஃப்ரேமாவின் வண்டியை நடுரோட்டில் கைகாட்டி நிறுத்திச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இப்போதெல்லாம் அம்மா குமாசியில் செத்துப்போகிறாள், பிள்ளைகள் ஹாம்பர்க்கிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ரோட்டில் நின்று கைகாட்டுவார்கள்? போனை எடுத்துத் தேடுகிறார்கள். ஃப்ரேமாவின் அக்கா மகன் அசாரே இதைப் புரிந்துகொண்டு ஒரு தளம் போட்டான். குமாசி, பந்தல், நாற்காலி என்று உலகத்தில் எவன் தேடினாலும் ஃப்ரேமாவின் பெயர்தான் முதலில் வந்தது. சனிக்கிழமைகளில் போவாடுவுக்கு உட்கார நேரமில்லை. ஊருக்கெல்லாம் நாற்காலி கொடுப்பவன் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

பிறகு ஒரு மாதம் போன் வாயை மூடிக்கொண்டது.

சாவு குறைந்திருந்தால் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். குறையவில்லை. சனிக்கிழமைதோறும் கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் எங்கள் தெருவைக் கடந்துதான் போனது. போய் உட்கார்ந்தது மட்டும் வேறு யாருடைய நாற்காலிகளிலோ. தன் புருஷன் இன்னொருத்தியோடு பேருந்தில் போவதைப் பார்த்தவள் மாதிரி ஃப்ரேமா அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அசாரே ஒரு மாலை அவளை உட்காரவைத்து விளக்கினான். தேடுபொறிக்காரர்கள் விதியை மாற்றிவிட்டார்களாம். முன்பு, ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்து அந்த இயந்திரம் மயங்கியது. அதனால் அசாரே பந்தாமாவுக்கு ஒரு பக்கம், அசோக்வாவுக்கு ஒரு பக்கம், சுவாமேக்கு ஒரு பக்கம் என்று போட்டிருந்தான். எல்லாம் ஒரே எழுத்துதான், பேட்டையின் பெயர் மட்டும் மாறும். படங்கள் எங்கிருந்தோ எடுத்தவை. வெள்ளைத் துணி கட்டிய நாற்காலிகள், பின்னால் ஓர் ஏரி, அன்னம். எங்கள் பக்கத்தில் எந்தச் சாவுக்கு அன்னம் வந்திருக்கிறது? இப்போது அந்த இயந்திரம் இதையெல்லாம் கண்டுபிடித்து, ஆளுக்கு உதவாத பக்கங்கள் என்று பின்வரிசைக்குத் தள்ளிவிட்டது.

ஃப்ரேமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யாரைக் கேட்டு மாத்தினாங்க?” என்றாள்.

நியாயமான கேள்விதான்.

போவாடுவைக் கெட்டவனாக நினைக்க வேண்டாம். அவனுக்கு முதுகு போய்விட்டது. வண்டி ஓட்டுவதும் அவன்தான், நாற்காலி சுமப்பதும் அவன்தான். ஒபுவாசியிலிருந்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஈஸ்டர் முடிந்ததும் வந்து பார்ப்பதாகப் பேச்சு. விற்றால் போவாடு படுத்து ஓய்வெடுக்கலாம். ஆனால் ஃப்ரேமாவுக்கு அந்த நாற்காலிகள்தான் பெயர். அவள் முதலில் வாங்கியது இரவல் பணத்தில் ஆறோ ஏழோ. அதற்கு முன் அவள் சந்தையில் இன்னொருத்தியின் கடையில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்குள் போன் பேசாவிட்டால் திரும்பவும் தக்காளிதான்.

முதல் வைத்தியத்தை ஃப்ரேமாவே செய்தாள். நல்ல பாராட்டு நிறைய வந்தால் தளம் மேலே ஏறும் என்று அசாரே வாய்தவறிச் சொல்லியிருந்தான். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்தைக் கலைய விடாமல் பிடித்தாள். எல்லாரும் போனை எடுத்தார்கள். தலைவி ஒரு வாக்கியம் சொல்ல, மற்றவர்கள் வேத வசனத்தைச் சொல்வது போலத் திருப்பிச் சொல்லித் தட்டச்சு செய்தார்கள்: ‘கர்த்தர் இந்த நாற்காலிகளை ஆசீர்வதிப்பாராக.’ ஒரே கோவில், ஒரே வேளை, ஒரே வாக்கியம். கண்ணாடி மறந்து வந்த ஒருத்தி மட்டும் எங்கோ அழுத்தி, பக்கத்தில் கென்கே என்னும் சோள உருண்டை விற்கிற கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டாள். அந்த வாரமே தேடுபொறி அவ்வளவு ஆசீர்வாதத்தையும் நீக்கிவிட்டது. கென்கே கடைக்காரிக்குக் கிடைத்தது மட்டும் நிலைத்தது.

அசாரே அன்று சாப்பிடவில்லை. “இனிமே ஒண்ணும் செய்யாதீங்க சின்னம்மா, நான் பாத்துக்கறேன்,” என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. பாவம், ஊரெல்லாம் அவனைக் கெட்டிக்காரன் என்று சொல்லிச் சொல்லி, இப்போது அந்தப் பெயரைக் கழற்றவும் தெரியவில்லை, போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. அவன் போலிப் பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தான். ஏரியும் அன்னமும் போயின. மிச்சமிருந்தது ஒரு தொலைபேசி எண்ணும் வெறும் வெள்ளையும்.

அப்போதுதான் ஓஹெனேவா கூப்பிட்டாள். இவள் ஹாம்பர்க்கில் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். அப்பா சாவுக்கு ஃப்ரேமாவிடம் எடுத்தவள், அதனால் எண் வைத்திருந்தாள். இப்போது அம்மா. ஃப்ரேமாவுக்கு ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேச வரும். நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

எங்கள் பக்கம் சாவுக்கு எட்டாம் நாள் குடும்பம் கூடும், அடக்கம் பல வாரம் கழித்துத்தான். ஓஹெனேவா விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அப்பா சாவுக்கு மாமா எல்லாம் பாத்துக்கிட்டாரு. இப்ப மாமாவும் இல்ல, நான்தான் மூத்தவ,” என்றாள். “எட்டாம் நாள் கூடறப்ப நான் எங்க உக்காரணும்? தப்பான எடத்துல உக்காந்துட்டா ஊரு என்ன சொல்லும்?”

ஃப்ரேமா சொல்லத் தொடங்கினாள். நான்கு பக்கமும் பந்தல் போட்டு நடுவைத் திறந்து விட வேண்டும். பின்நேர வெயில் கண்ணில் குத்தாத பக்கம் அம்மாவழிக் குடும்பத்துக்கு, ஏனென்றால் அவர்கள் எழுந்து போக முடியாது. அப்பாவழியினரைச் சம்பந்திகளுக்குப் பின்னால் போட்டால் அந்தச் சண்டை அடுத்த சாவு வரை போகும். வருகிறவர்கள் வலது கைப் பக்கத்திலிருந்து தொடங்கி எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டே சுற்றி வருவார்கள், அதனால் முன்வரிசைக்கு முன்னால் இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற இடம் விட வேண்டும். மொய் மேசையை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போடக்கூடாது, கொடுத்தவர் பெயர் சரியாகக் கேட்காவிட்டால் கொடுத்ததே வீண் என்று நினைப்பார்கள். “நீ நடுவுல உக்காரு மகளே. யாராவது வந்து கை கொடுத்தா எழுந்திரிக்காதே. அழுகை வந்தா அழு. அதுக்குத்தான் நாற்காலி.”

அந்தப் பக்கம் ஓஹெனேவா வெகுநேரம் அழுதாள். ஃப்ரேமா போனைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், வைக்கவில்லை.

வைத்த பிறகு போவாடு வண்டியின் அடியிலிருந்து தலையை நீட்டினான். “ஒரு மணி நேரம் இலவசமா பாடம் நடத்து. இதை அந்த வெள்ளைப் பக்கத்துலயாவது எழுதி வெச்சா உன் தொண்டை மிச்சம்.”

அவன் குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் அசாரே உடனே ஒரு நோட்டைத் தேடி எடுத்தான்.

ஃப்ரேமா ஒப்பவில்லை. “இதையா? இது தாஃபோவுல எல்லாருக்கும் தெரியுமே. தெரிஞ்சதை எழுதினா பைத்தியம்னு சொல்லுவாங்க.”

“தாஃபோவுல இருக்கறவங்க தேடறதில்ல சின்னம்மா,” என்றான் அசாரே. “தேடறவங்களுக்குத் தெரியாது.”

எங்கள் ஊர்க்காரர்களின் தவறு இதுதான். சாவு வீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்பது மூச்சு விடுவது மாதிரி எல்லாருக்கும் வரும் என்று நினைக்கிறோம். பத்து வயதில் விமானம் ஏறியவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவள் பேசப் பேச அசாரே எழுதினான். ஹாம்பர்க்கிலிருந்து கேட்ட கேள்வி, டொராண்டோவிலிருந்து முன்பு கேட்ட கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன பதில். ஓஹெனேவாவின் அனுமதியோடு அவள் அம்மாவின் எட்டாம் நாளன்று பந்தலைப் படமெடுத்துப் போட்டான். சிவப்பு நாற்காலிகள், புழுதி, மூலையில் குனிந்து முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கும் போவாடு. சின்ன போனிலும் சட்டென்று திறக்கும்படி எல்லாவற்றையும் இலேசாக்கினான். கூடவே, பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் நலம் விசாரித்து ஒரு செய்தி அனுப்ப வைத்தான். ஒரே கதவை நம்பி வீடு கட்டக்கூடாது, நாளைக்கு மறுபடி விதி மாறும் என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை. பல வாரம். ஃப்ரேமா தினமும் “ஏறிடுச்சா?” என்று கேட்பாள், அவன் “இல்ல” என்பான். அந்த இயந்திரம் திரும்பி வந்து பார்க்க நேரமெடுக்குமாம். ஈஸ்டர் வந்தது. தளம் பின்வரிசையிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது, முதலிடத்துக்குக் கிட்டேகூட இல்லை. எப்போதாவது ஒரு அழைப்பு.

ஒபுவாசிக்காரர் சொன்னபடி வந்தார். நாற்காலிகளைக் கவிழ்த்து விரிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரேமா கூட நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், பெண் பார்க்க வந்த இடத்தில் நிற்கிற தாய் மாதிரி. போன் மேசையில் கிடந்து அடித்தது. போவாடுதான் எடுத்தான்.

டொராண்டோவிலிருந்து ஒருவன். பக்கத்தை மூன்று தடவை படித்தேன் என்றான். அப்பா போய்விட்டார், ஊரைவிட்டு வந்தது சின்ன வயதில், மொழியும் பாதி மறந்துவிட்டது. “கை குடுக்கறப்ப வாயில என்ன சொல்லணும் ஐயா? அது எழுதலியே,” என்று கேட்டான்.

போவாடு ஒரு கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தான். அவன் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. “ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி,” என்றான். “கையை மட்டும் கெட்டியாப் பிடி. மிச்சத்தை அவங்க சொல்லுவாங்க.” பிறகு அவனுடைய அப்பா யார், எந்தப் பேட்டை என்று விசாரித்து, சனிக்கிழமையை ஒப்புக்கொண்டான்.

போனை வைத்துவிட்டு ஒபுவாசிக்காரரிடம் திரும்பினான். “மன்னிச்சுக்கோங்க. சனிக்கிழமைக்கு எனக்கு நாற்காலி வேணும்.”

“அதுக்கு அப்புறம்?”

“அப்புறமும் ஆளுங்க சாவாங்க,” என்றான் போவாடு. ஃப்ரேமா உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தளம் இன்றுவரை முதலிடத்துக்கு வரவில்லை. மூன்றிலும் நான்கிலும் நிற்கிறது, விதி மாறும்போது கொஞ்சம் ஆடுகிறது. ஆனால் வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். சுமக்க இரண்டு ஆட்களை வைத்தாயிற்று. போவாடு வண்டி மட்டும் ஓட்டுகிறான்.

ஒபுவாசிக்காரர் வேறு யாருடைய நாற்காலிகளையோ வாங்கினார் என்று கேள்வி. ஓஹெனேவா அம்மாவை அடக்கம் செய்துவிட்டு ஹாம்பர்க் திரும்பினாள். அன்று மொய் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதியவள் அவளுடைய தங்கை மகள் பொக்குவா. படமெடுக்கப் போன அசாரே எடுத்த படங்களில் பாதி அந்த மேசையைத்தான் காட்டின என்று நான் அப்போதே சொன்னேன், யாரும் நம்பவில்லை. அறுவடைத் திருநாளுக்குப் பிறகு அசாரேவுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. பொக்குவாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, இருவரும் தக்கோராடிக்குக் குடிபோய்விட்டார்கள்.