இருபத்தேழாம் சேனலின் புதுச் சின்னம்

கார் விளம்பரம் முடியப்போகிறது. எழிலரசி இடது கையால் அடுத்த டேப்பை ஓடவிட்டு, வலது கை விரலால் பொத்தானைத் தொட்டாள். கார் மறைந்து செய்தி வாசிப்பவரின் முகம் வந்தது. சான் ரமோன் வீட்டில் டிவி முன்னால் தாரணி இந்நேரம் கையசைத்திருப்பாள். விளம்பரம் மாறும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருப்பதாக அந்த நாலு வயதுக்காரிக்கு நம்பிக்கை.

கலிபோர்னியாவில், லிவர்மோர் மலைச்சரிவில் இருந்த அந்த டிவி நிலையத்தை ஆரம்பத்தில் ஒரு மெத்தைக் கடைக் குடும்பம் நடத்தியது. அவர்கள் ஒரு பத்திரிகைக் கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனி டெக்சாஸ்காரர்களுக்கு விற்றது. நடுவில் ஒருமுறை நிகழ்ச்சிகளைத் தரும் நெட்வொர்க்கும் மாறியது. ஒவ்வொரு தடவையும் வாசல் பலகையும் காபிக் கோப்பையில் இருக்கும் சின்னமும்தான் மாறின. ஆட்கள் அதே ஆட்கள். அதனால், 1999 அக்டோபரில் மறுபடியும் நெட்வொர்க் மாறப்போவதாகச் சொன்னபோது எழிலரசி பயப்படவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் தடைபடாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தாள். அவளுடைய வேலை விசாவை வைத்துத்தான் கணவன் சபரிநாதனும் அங்கே இருந்தான். அவனுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. சமையலும் குழந்தையும் அவன் பொறுப்பு.

டேப்பையும் விளம்பரத்தையும் வரிசையாக ஓட்டும் புது மெஷினைப் பொருத்த, நியூஜெர்சியின் பார்சிப்பனியிலிருந்து ஜம்புநாதன் வந்தான். முதல் நாள் மேடம் என்றவன் மறுநாளே அக்கா என்றான். எந்த டேப் திணறும், ஃபுட்பால் ஆட்டம் நீண்டுபோனால் எந்த விளம்பரத்தைத் தள்ளலாம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் மெஷினில் ஏற்றிக்கொண்டே இருந்தான். மோட்டலில் தனியாக இருக்கிறானே என்று ஆயுத பூஜை அன்று அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இந்த மெஷின் வந்தாவது இவ கை சும்மா இருக்கட்டும் தம்பி. அங்க பட்டன அழுத்தி அழுத்தி, வீட்லயும் ரிமோட்ட விடமாட்டேங்கறா," என்றான் சபரிநாதன்.

எழிலரசி சிரித்தாள். ஜம்புநாதன் பாயசம் வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினான்.

மறுநாள் அவள் பூஜைச் சந்தனத்தையும் குங்குமத்தையும் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய், மெஷினின் நெற்றி போலிருந்த மேல்பக்கத்தில் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தாள்.

"இனிமே இவன்கூடத்தான நான் வேலை பாக்கணும்," என்றாள். ஜம்புநாதன் கீபோர்டிலிருந்து தலை தூக்கவில்லை.

நெட்வொர்க் மாறும் ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்று அவளுடைய அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் விரலைப் பொத்தான்மேல் வைத்துக் காத்திருந்தாள். அழுத்துவதற்கு முன்பே திரையில் புதுச் சின்னம் வந்துவிட்டது. வெளியே கைதட்டினார்கள். அவள் தன் விரலையே பார்த்தாள்.

மேனேஜர் கூப்பிட்டு, இன்று முதல் தங்கள் சேனல்கள் எல்லாவற்றையும் டெக்சாஸில் ஒரே அறையிலிருந்து ஓட்டுவதாகச் சொன்னார். அவள் மெஷினுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது பெரிய உதவி என்று நன்றியும் சொன்னார். கிரீன் கார்டு என்னாகும் என்று கேட்டாள். வேலை போய்விட்டதால் அந்த விண்ணப்பமும் செல்லாது என்றார்.

வெளியே ஜம்புநாதன் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வெளிய சொல்லமாட்டேன்னு சைன் பண்ணிக் குடுத்திருக்கேன்க்கா. எனக்கும் எச்-ஒன் விசாதான்."

"எங்க வீட்ல வந்து சாப்டியே தம்பி."

அவன் கேபிளைப் பார்த்தான். "ரசம் நல்லா இருந்துச்சுக்கா," என்றான்.

வாசலில் காவலாளி அவளுடைய பேட்ஜை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கொடுத்ததுபோல் புதுச் சின்னம் போட்ட கோப்பை ஒன்றை அவளிடமும் நீட்டினார்.

வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டதும் சபரிநாதன் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தான். தாரணி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் முடிந்து படம் தொடர்ந்தது. குழந்தை வழக்கம்போல் திரையைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பி, சோபாவில் இருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, யூ ஆர் ஹியர். தென் ஹூ இஸ் தேர்?"

எழிலரசி கோப்பையை மடியில் வைத்திருந்தாள். அடுத்த விளம்பரம், ஒரு விநாடிகூடப் பிசகாமல், வந்தது.