‘ஏங்க’ என்பது யார் பெயர்

கல்யாணமாகிக் குடும்பம் நடத்திய ஒருத்தியைப் பிடித்து உட்காரவைத்து, உனக்குக் கல்யாணம் ஆனது நிஜம்தானா என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா கையில்தான் என் தலையெழுத்து இருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

விஷயம் இதுதான். ஊரில் எங்கள் வீடு எரிந்தபோது கல்யாணப் பத்திரம், போட்டோ எல்லாம் சேர்ந்து எரிந்துபோயின. என் வீட்டுக்காரர் முதலில் தப்பி வந்து இந்த நாட்டில் தங்க அனுமதி வாங்கிவிட்டார். நான் மூன்று வருஷம் முகாமில் கிடந்துவிட்டு இப்போதுதான் வந்து சேர்ந்தேன். நான் அவர் பெண்டாட்டிதான் என்று அதிகாரியம்மா நம்பினால் அவரோடு போகலாம். நம்பாவிட்டால் திரும்பவும் முகாம்தான்.

எங்களைப் பேசவிடாமல் ஆளுக்கொரு அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். காலையில் கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகை மட்டும் பார்த்தேன். தலையில் முடி குறைந்திருந்தது. மனசிலும் ஏதாவது குறைந்திருக்குமோ என்று தோன்றியது.

மொழிபெயர்க்க ஒருவரை வைத்திருந்தார்கள். நம்ம ஆள்தான், தங்கமானவர். ஆனால் நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. புருஷன் பெண்டாட்டி பேச்சை அந்த மனுஷன் எங்கே கேட்டிருக்கப்போகிறார்? வார்த்தைக்கு வார்த்தை அப்படியே பெயர்த்துப் போட்டார். எங்கள் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் பெயர், வயது, வேலை எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு, வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டார் அதிகாரியம்மா. ‘ஏங்க’ என்பேன் என்றேன். அது ‘ஏன் ஐயா’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் உனக்கு முதலாளியா என்று கேட்டார்கள். அவர் உன்னை எப்படிக் கூப்பிடுவார்? ‘இந்தா’ என்பார். அது ‘வாங்கிக்கொள்’ ஆகிவிட்டது. உடனே, வாங்கிக்கொள் என்று சொல்லி என்ன கொடுப்பார் என்று அடுத்த கேள்வி.

“அண்ணே, இதுவரைக்கும் ஒண்ணும் குடுத்ததில்லன்னு சொல்லுங்க” என்றேன்.

அதையும் அப்படியே சொல்லித் தொலைத்தார்.

அடுத்து என் வீட்டுக்காரர் முறை. எல்லோரும் அந்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். நான் அவரை ‘என்னங்க’ என்று கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் பொய்யில்லை. வேலை ஆகவேண்டுமென்றால் ஏங்க, சண்டை என்றால் என்னங்க. மனுஷனுக்குச் சண்டைதான் ஞாபகம் இருந்திருக்கிறது. என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதற்கு, “நான் கூப்பிடவே வேண்டாம், அவளே வந்துடுவா” என்றாராம். அதுவும் நிஜம்தான். இத்தனை தூரம் நானேதானே வந்திருக்கிறேன்.

பதில்கள் ஒத்துவரவில்லை என்று அதிகாரியம்மா பேனாவை மூடினார். அழலாம் என்றால் கோபம் முந்திக்கொண்டது.

“அண்ணே, ஒரே ஒரு தடவை அவரை நான் கூப்பிடுறேன். அதிகாரியம்மாவையே பார்க்கச் சொல்லுங்க.”

என்ன நினைத்தாரோ, அதிகாரியம்மா எழுந்து வந்தார். வெளியே கூடம் முழுக்க நம்ம ஆட்கள். தமிழ் பேசுகிறவர்களை எல்லாம் அன்றைக்கே வரச்சொல்லியிருந்தார்கள். கேள்வி முடிந்து வெளியே வந்திருந்த என் வீட்டுக்காரர் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு, காப்பி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க” என்று கூப்பிட்டேன்.

நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தே விட்டார். பக்கத்தில் இருந்த அவர் பெண்டாட்டி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். என் ஆள் மட்டும் திரும்பவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“இரு, வரேன்” என்றது அந்த முதுகு.

அதே குரல், அதே சலிப்பு. சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டால் பேப்பரை விட்டுத் தலை தூக்காமல் சொல்வாரே, அதே மாதிரி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை.

மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொன்னார். அதிகாரியம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட உள்ளே போனார்.

“திரும்பாதவர்தான் புருஷன்னு சொன்னேன்மா. அவங்க வீட்டுலயும் அதே கதைதானாம்” என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரரின் வாய்தான் தன் போக்கில் பதில் சொல்லியிருக்கிறது. யார் கூப்பிட்டது என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. சட்டென்று திரும்பினார். பாதிக் காப்பி சட்டையில் கொட்டியது. மீதியைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். என் முகத்தையே பார்த்தபடி,

“எதுக்குக் கூப்பிட்ட?” என்றார்.

“சும்மாதாங்க” என்றேன்.