கீழ்மேல்

பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பதினாறு வருடமாக அடுத்தவர் மனை அளவைத் தட்டச்சு செய்கிறவளுக்கு சர்க்யூட் போர்டைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் போன ஆனியிலிருந்து ‘செப்புத்தடம்’ என் கையில்தான் இருந்தது.

செப்புத்தடம் என் வீட்டுக்காரர் விஜயசங்கர் எழுதிய மென்பொருள். சர்க்யூட் போர்டு வரைவதற்கானது. முழுக்கத் தமிழ், முழுக்க இலவசம். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தது போக மிச்ச நேரமெல்லாம் அதற்குத்தான். இணையத்தில் போட்டது போதாதென்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வாசுதேவநல்லூர், செங்கோட்டை என்று பாலிடெக்னிக் பாலிடெக்னிக்காக அலைவார். சும்மா கொடுத்தால் எவன் மதிப்பான் என்று நான் எரிந்து விழுவேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார். ஆனியில், சாரல் ஆரம்பித்த மூன்றாம் நாள், ஐந்தருவியில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு சரி. நாற்பத்து மூன்று வயது.

இந்த மாதிரி மென்பொருளை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். பொறுப்பில் இருப்பவர் ஏற்றால்தான் திருத்தம் அதில் சேரும். இப்போது பொறுப்பு என்னுடையது. கோயம்புத்தூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முகம் தெரியாதவர்கள் அனுப்பினார்கள். முதல் திருத்தத்தை ஏற்கப் போனபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கிறது. விஜயசங்கர், விஜயசங்கர், விஜயசங்கர் என்று பக்கம் பக்கமாக. திருத்தத்தை ஏற்றால் அந்த வரியில் அவர் பெயர் போய் வேறொருவர் பெயர் வந்துவிடும்.

மூடி வைத்துவிட்டேன். அவர் சட்டைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவள், இதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். எட்டு மாதத்தில் முப்பத்தொரு திருத்தங்கள் காத்துக் கிடந்தன. நீங்கள் இதைக் கொல்கிறீர்கள் அம்மா என்று ஒருவர் எழுதினார். போய்யா என்று அந்த மெயிலை அழித்தேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷஹானா வந்தாள். கடையநல்லூர்ப் பெண், பாலிடெக்னிக் கடைசி வருடம். அவர் அவளுடைய கல்லூரிக்குப் போனபோது சந்தேகம் வந்தால் கேள் என்று வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்திருந்தாராம். தாளில் சுற்றிய ஒரு போர்டை மேஜையில் வைத்தாள். காது கேட்காத அவள் உம்மாவுக்காக, யாராவது கதவைத் தட்டினால் விளக்கு எரிகிற கருவி. செப்புத்தடத்தில் வரைந்து, அவள் கையாலேயே செய்தது. எல்லாம் இடம் வலமாக மாறிப் போயிருந்தது. ஐ.சி. என்கிற சில்லின் கால்கள் எதுவும் அதனதன் இடத்தில் சேரவில்லை. செய்முறைத் தேர்வில் விளக்கு எரியவில்லை, அவள் தேறவில்லை.

‘கீழ்மேல் புரட்டு’ என்பதை அழுத்தினாளாம். போர்டின் கீழ்ப்பக்கத்தை மேலே கொண்டுவரும் என்று நினைத்தாளாம்.

அது நான் சொன்ன சொல். ஒருநாள் வீட்டில் பத்திரம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, படத்தை இடவலமாகத் திருப்புவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் கேட்டார். பத்திரத்தில் கிழக்கு மேற்கு அளவைக் கீழ்மேலடி என்றும், தெற்கு வடக்கு அளவைத் தென்வடலடி என்றும்தான் எழுதுவோம். தலை நிமிராமலே, கீழ்மேல் என்று போடுங்கள் என்றேன். வடக்கு மேலே இருந்தால் கீழ்மேல் என்பது இடவலம்தானே, சரியான சொல் என்று அன்று முழுக்க மெச்சிக்கொண்டிருந்தார். உலகத்தில் எல்லாரும் மனைப்பத்திரம் படித்தவர்கள் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம்.

“சார் சரியாத்தான் போட்டிருப்பாவ அக்கா. எனக்குத்தான் வெளங்கல,” என்றாள் ஷஹானா. “நீங்க அர்த்தம் சொன்னா வேற ஒண்ணு செஞ்சிருவேன். பரிட்ச போனா போவுது. உம்மா கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கா.”

காத்துக் கிடந்த திருத்தங்களைத் திறந்து பார்த்தேன். அவற்றில் ஐந்து இந்த ஒரு சொல்லைத்தான் திருத்தியிருந்தன. முதலாவது வந்தது அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். ஷஹானா மென்பொருளை இறக்கியது தை மாதம்.

“தப்பு ஒன் மேல இல்லட்டி. திருத்தி அனுப்புனாங்க. அவுக பேரு போயிருமேன்னு நான்தான் ஏத்துக்கல,” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதுதான் நியாயம்.

யாழ்ப்பாணத்துக்காரரின் திருத்தத்தை முதலில் ஏற்றேன். கீழ்மேல் போய் ‘இடவலம்’ வந்தது. அப்படியே மற்றவற்றையும் ஒவ்வொன்றாக. எது எதற்கு என்று ஷஹானா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னாள். கடைசித் திருத்தம் மென்பொருளின் ஒரு சின்னக் கோப்பு முழுவதையும் மாற்றி எழுதியிருந்தது. கை நின்றது. பிறகு அதையும் ஏற்றேன்.

ஷஹானா அவளுடைய மடிக்கணினியில் புதிதாக இறக்கி, தன் படத்தைத் திறந்து பார்த்தாள்.

“இப்பம் சரியா வருது அக்கா.”

நான் அந்தச் சின்னக் கோப்பில் அவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.