விரல் வைத்த இடம்

தலைமையாசிரியர் கோட்டைச்சாமியைப் பார்த்தாலே சொர்ணலதா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. கம்பம் போகிற பாதையில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு அவள் வந்து பதினொரு வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே தன் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று காட்டித் தொலைத்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி. தபால் பதிவேடு, மதிய உணவுப் பதிவேடு, வருகைச் சுருக்கம், போதாததற்கு கோட்டைச்சாமி எடுக்க வேண்டிய ஏழாம் வகுப்புப் பாடக்குறிப்பு என்று எல்லாம் அவள் தலையில் விழுந்தன. மனுஷருக்கு மிச்சம் இருந்த வேலை கையெழுத்துப் போடுவது ஒன்றுதான்.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் எல்லா ஆசிரியர்களின் பாடக்குறிப்புகளும் அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும். சொர்ணலதா பக்கத்தில் நின்று தாளைப் புரட்டி விரல் வைப்பாள். அவர் வெற்றிலையை மென்றபடி, ஜன்னல் வழியாக ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தபடி, விரல் இருக்கிற இடத்தில் கிறுக்குவார். அவர் ஒரு வரி படித்து யாரும் கண்டதில்லை.

அந்த வருஷம் அவள் நடத்துகிற ஆறாம் வகுப்புக்குப் புதுக் கணக்குப் புத்தகம் வந்தது. முதல் பாடமே கணங்கள். இரட்டை வளைவு போட்ட அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாகக் கிடந்தன. சொர்ணலதா படித்த காலத்தில் இதெல்லாம் ஏது? உட்கார்ந்து படித்தால் புரியாமல் போகாது என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. ஆனால் எப்போது உட்காருவது? மத்தியானம் பிள்ளைகளின் சோற்று வரிசைக்குக் காவல் நிற்க வேண்டும். சாயங்காலம் பதிவேடு. சனிக்கிழமை வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைச்சல். வீட்டுக்குப் போனால் மூன்று பிள்ளைகள். புத்தகம் நாலாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

ஒருநாள் பூமாரி எழுந்து நின்றாள். வகுப்பிலேயே வாய்த்துடுக்கும் மூளையும் உள்ள பெண் அவள்.

“டீச்சர், உள்ள ஒண்ணுமே இல்லாததுக்குப் போயி எதுக்கு வெற்றுக்கணம்னு ஒரு பேரு? ஒண்ணுமில்லாதது எப்படி கணமாகும்?”

சொர்ணலதா பளாரென்று அறைந்துவிட்டாள். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. பதில் தெரியாத ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது. அன்றிலிருந்து பூமாரி வாயைத் திறப்பதில்லை. மற்றப் பிள்ளைகளும் எதுவும் கேட்பதில்லை. கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த அமைதி சொர்ணலதாவை அரித்தது.

மதுரையில் பத்து நாள் புதுக் கணக்குப் பயிற்சி, பள்ளிக்கு ஒருவர் வரலாம் என்று கடிதம் வந்தது. ஜூலையிலும் இப்படித்தான் வந்தது, கோட்டைச்சாமி விடவில்லை. இதுதான் கடைசித் தடவை என்று இந்தக் கடிதத்தில் போட்டிருந்தது.

“நீங்க போயிட்டா இங்கன யாரு எழுதுறது?” என்றார் கோட்டைச்சாமி.

“ஆறாம் வகுப்புப் பிள்ளைக பாவம் சார். எனக்கே புரியாம நடத்திக்கிட்டிருக்கேன்.”

“பிள்ளைகளுக்கு என்ன கேடு? புத்தகத்துல உள்ளத எழுதிப் போடுங்க. படிக்கணும்னா வீட்ல படிங்க. பொழுதா இல்ல உங்களுக்கு?”

பொழுதையெல்லாம் வாரித் தின்கிற மனுஷர் கேட்கிற கேள்வியா இது? சொர்ணலதா கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போலப் பாடக்குறிப்புகளை அடுக்கினாள். ஏசுதாசன் வாத்தியாருடையதற்கும் தன்னுடையதற்கும் நடுவில் ஒரு தாள். ஆசிரியை சொர்ணலதா பயிற்சிக்காக இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார், அவரது வகுப்பை ஏசுதாசன் கவனிப்பார் என்று நாலே வரி. அவள் அதை ஒளிக்கவில்லை. முழுத்தாளும் தெரியத்தான் வைத்தாள். வழக்கம்போல அதிலும் விரல் வைத்தாள். கோட்டைச்சாமி கம்பம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கிறுக்கினார். அவள் எண் போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றினாள். முத்திரையும் அவள் பொறுப்பில்தானே இருந்தது!

நாலு மணிக்கு அந்த விடுவிப்பு ஆணையைக் கொண்டுபோய் நீட்டினாள். கோட்டைச்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

“யாரக் கேட்டுப் போறீக?”

“நீங்கதான் சார் விட்டீக. உங்க கையெழுத்துதான்.”

“ஏமாத்தி வாங்கியிருக்கீக! உங்க மேல மெமோ குடுக்காம விடமாட்டேன். அதிகாரிக்கே அனுப்புறேன். வேலைய விட்டே தூக்கச் சொல்றேன். உக்காருங்க, எழுதுங்க!”

தன் மேல் கொடுக்கிற மெமோவையும் தானே எழுத வேண்டும்! சொர்ணலதா மறுக்கவில்லை. உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். அவர் கத்தக் கத்த, அதே முத்தான எழுத்தில் எழுதி முடித்து மேசையில் வைத்து விரலையும் வைத்தாள்.

“போடுங்க சார்.”

அவர் பேனா பாதி வழியில் நின்றது. பதினொரு வருஷத்தில் முதல் முறையாகத் தாளைக் கையில் எடுத்துப் படித்தார். ‘நான் படித்துப் பார்க்காத நிலையில் என்னிடம் கையெழுத்துப் பெற்று’ என்ற இடம் வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன்,” என்றாள் சொர்ணலதா. “மேல உள்ளவுக கேட்டாகன்னா, எத்தன வருஷமா இப்படின்னும் சொல்லிருவேன்.”

அவர் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். “பத்து நாள் கழிச்சு இங்கனதான வரணும்? அப்பப் பாத்துக்கிறேன்.”

“வருவேன் சார். பாடம் நடத்த வருவேன். எழுத வரமாட்டேன்.”

முத்திரையையும் அலமாரிச் சாவியையும் மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஜெயித்துவிட்ட திமிர் நடையிலேயே தெரிந்தது.

வாசல் குழாயடியில் பூமாரி கை கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

“நில்லு பூமாரி. அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாது. அதான் அடிச்சுப்புட்டேன். இப்ப அதப் படிக்கத்தான் மதுரைக்குப் போறேன். வந்து சொல்லித் தாரேன்.”

பூமாரி சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.