மூன்றாம் ஓலை

கதை எழுதிப் பழகாத கை இது. பள்ளி நாட்களில் கட்டுரைப் போட்டிக்கு எழுதியதோடு சரி. அதன்பின் எழுதியவையெல்லாம் விடுப்பு விண்ணப்பங்கள்தாம். ஆயினும் கெசியாவின் காரியத்தை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிவதைக் கேட்கக் கேட்க, நடந்ததை நடந்தபடி யாரேனும் ஒருவர் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. வேறு யாரும் முன்வராததால் நான் துணிந்தேன். சபையில் பெரியவர்கள் எவர் மனத்தையும் நோகச் செய்யும் எண்ணம் எனக்கில்லை. குற்றங்குறை இருந்தால் பொறுத்தருளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று சனிக்கிழமை மாலை. களக்காட்டிலிருந்து மாப்பிள்ளை ஜாஸ்பரின் அம்மாவும் அக்காமாரும் சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கியபோது, கெசியா அடுப்படியில் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கியிருந்தாள். மாத்திரை அட்டை கையிலிருந்தது. வாசலில் செருப்புகள் கழலும் ஓசை கேட்டதும் அவள் அதை எப்போதும் வைக்கும் இடத்திலேயே ஒளித்தாள். எப்போதும் மேலாக, ஒரு துணியில் சுற்றி வைப்பது வழக்கம். அன்று பதற்றத்தில் சுருட்டிய துணியை மேலேயே விட்டுவிட்டு, அட்டையை அரிசிக்குள் ஆழமாகச் செருகிவிட்டாள்.

அந்த இடம் காணிக்கை அரிசி டப்பா. தாமிரபரணிக் கரையின் பழைய மிஷன் ஊர்களில், உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வருவார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய், பலிபீடத்துக்கு முன் விரித்த வெள்ளைத் துணியில் வரிசையாகக் கொட்டுவார்கள். அந்த டப்பாவுக்குள் வீட்டாரைத் தவிர வேறெவரும் கைவிட மாட்டார்கள். விருந்தாளி பீரோவைத் திறந்து பார்க்கலாம், அலமாரியில் எட்டிப் பார்க்கலாம். கர்த்தருடைய அரிசியைத் தொட மாட்டார். வலிப்பு மாத்திரைக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லையென்று கண்டுபிடித்தவர் கெசியாவின் அப்பா ஞானசிகாமணிதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியில் மூத்தவர். அவருடைய பாட்டனார் உபதேசியாராக இருந்தவர் என்பதைப் புதிதாக வருகிற எந்தக் குருவானவருக்கும் (ஊர்ப் பேச்சில் ஐயர்) முதல் வாரத்திலேயே தெரிவித்துவிடுவார்.

கெசியாவுக்குப் பதினேழு வயதில் முதன்முதலாக வலிப்பு வந்தது. அன்றிலிருந்து ஆற்றில் இறங்கக் கூடாது என்றாகிவிட்டது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு. துணி துவைக்கும் ஓசை படுக்கையறை வரை கேட்கும். அவள் மட்டும் குளியலறை வாளியில் குளிப்பாள். மாத்திரை வாங்குவது மதுரையில். பாளையங்கோட்டையில் எந்த மருந்துக்கடையில் ஏறினாலும் கல்லாவில் அப்பாவின் பழைய மாணவன் ஒருவன் நின்று வணக்கம் சொல்லுவான் என்பதால், அத்தை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவார். வெளியூர்க் கூட்டமொன்றில் ஒரு சுவிசேஷகர் அவள் தலையில் எண்ணெய் வைத்து, இனி மாத்திரை வேண்டாம் என்றார். நிறுத்திய வாரமே விழுந்து முன்பல் உடைந்தது. விசுவாசம் போதவில்லை என்று பதில் வந்தது. பல்லைக் கட்டிக்கொண்டாள். பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடினாள். மழலையர் பள்ளியில் பாடம் எடுத்தாள். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்கள் ஏதேதோ காரணம் சொல்லிக் கலைந்தபோது, தேவசித்தம் இல்லை என்று அப்பா சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டாள். உண்மையில் தேவனைப் பற்றி அவளுக்கு ஒரே ஓர் எண்ணம்தான் இருந்தது: தன் வீட்டு இரகசியத்தை டப்பாவுக்குள் வைத்துக் காக்கிறவர்.

இந்தமுறை காரியம் கைகூடி வந்திருந்தது. கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று. திருமணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று கேட்பார்கள். ஒருவரும் எழுந்ததாக அந்தக் கோயிலில் எவருக்கும் நினைவில்லை. முதல் ஓலை முடிந்திருந்தது.

மறுநாள் இரண்டாம் ஓலை. அரிசி கொட்டுகிற ஞாயிறும் அதுவே. மாப்பிள்ளை வீட்டாரை வழியனுப்பிக் களைத்திருந்த அம்மா பாக்கியமணி, காலையில் டப்பாவைத் திறந்து துணிச்சுருளை எடுத்து வைத்துக்கொண்டாள். விரித்துப் பார்க்காததால் அது வெறும் துணி என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து, சபைச் செயலாளர் பெனோ மரக்காலால் அரிசியை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், கேலிக்காரர்.

"ஏய், இங்கன பாருங்க! கர்த்தருக்கே மாத்திரை குடுத்திருக்காவ!"

எல்லாரும் சிரித்தார்கள். பெனோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்துதான் முதலில் போயிற்று.

"அண்ணாச்சி, இது வலிப்புக்குக் குடுக்கதுல்லா?"

ஞானசிகாமணி அசையவில்லை. "யாரு வீட்டுதுன்னு கேக்காதயும் வே. யாரோ ஜெபத்துக்குன்னு போட்டிருப்பாங்க. மனுசருக்கு மறைவா இருக்கட்டும்" என்றார். பெருந்தன்மையான பேச்சு என்று பலரும் தலையசைத்தார்கள்.

மறைவாக இருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் ஊர் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதே பாடகர் குழுவில் பாடுகிற ஸ்டெபி, ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் மயங்கி விழுந்தவள். தகப்பன் இல்லாத பெண். திருநெல்வேலி டவுணில் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று சேலை விரித்துக் காட்டுபவள். அவளுக்கும் அம்பாசமுத்திரத்தில் ஓர் இடம் பேசி முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை அந்த வீட்டிலிருந்து, இப்போதைக்கு வேண்டாம் என்று போன் வந்தது.

அன்று மாலையே ஸ்டெபி கெசியாவிடம் வந்தாள். வாசலுக்குள் நுழையாமல் முருங்கை மரத்தடியிலேயே நின்றாள்.

"யக்கா, அன்னைக்கு எனக்குப் பசி மயக்கம்தான? நீதான மடியில போட்டுத் தண்ணி தெளிச்ச? வாயில நுரை கிரை வந்துச்சா?"

"இல்லட்டி."

"அப்போ அதை ஒரு வார்த்தை ஐயர்கிட்டச் சொல்லேன். டீச்சர் சொன்னா நம்புவாங்க. நான் சொன்னா எவன் கேக்கான்?"

"சொல்லுதேன்" என்றாள் கெசியா. ஸ்டெபி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அந்த ஈரத்தைத் துடைக்காமல் கெசியா வெகுநேரம் நின்றாள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னும் ஒரே ஒரு ஓலைதான். வாயைத் திறக்காத. கல்யாணம் முடியட்டும், அந்தப் பிள்ளைக்கு நானே நல்ல இடமாப் பாத்து முடிச்சு வைக்கேன்."

"மாத்திரை இல்லப்பா. இருந்த ஒரு அட்டையும் அரிசியோட போச்சு."

"கல்யாண வேலைக்கு நடுவுல மதுரைக்குப் போனா நாலு பேர் கேப்பான். ஒரு வாரம் தாங்காதா?"

அன்றைய குடும்ப ஜெபத்தில், எதிராளியின் கண்ணிக்குத் தம் வீட்டாரைத் தப்புவித்ததற்காக அவர் நெடுநேரம் ஸ்தோத்திரம் செலுத்தினார். கெசியா கண்ணை மூடவில்லை. அப்பாவின் கூப்பிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனமார நன்றி சொல்கிறார் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வாரம் தாங்கவில்லை. சனிக்கிழமை நண்பகலில் அவள் அடுப்படியிலேயே விழுந்தாள். நினைவு முற்றும் அகலுவதற்குமுன் அவள் கண்டது அம்மாவின் கால்களை. அவை அவளை நோக்கி வரவில்லை. அவளைத் தாண்டிப் போயின. ஜன்னல் சாத்தப்படும் ஓசை, அதன்பின் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள். பிறகுதான் அம்மா அவளிடம் வந்திருக்க வேண்டும்.

விழித்தபோது புழுக்கமான இருட்டில் கிடந்தாள். வாயெல்லாம் இரத்தச் சுவை. அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகளும் இப்படித்தான் என்று கெசியாவுக்குத் தெரிந்தது. முதலில் ஜன்னல், பிறகு மகள். அம்மா அன்பில்லாதவள் அல்லள். ஜன்னலைச் சாத்துவதையே அன்பென்று பழகிவிட்டவள்.

ஆண்டுதோறும் பெரிய வெள்ளிக்கிழமையில் அவள் சிலுவைப் பாடல்களைப் பாடியிருக்கிறாள். இரண்டாம் குரலில், சுதி பிசகாமல். அன்று அந்தத் தரையில் கிடந்தபோதுதான், பாடப்பட்டவரை அவள் முதன்முதலாக நினைத்துப் பார்த்தாள். ஊரே கூடி வேடிக்கை பார்க்க, மறைக்க ஒரு முழத் துணியில்லாமல், உடம்பு இழுத்துக்கொண்டு செத்தவர். அவருக்காக எவரும் ஒரு ஜன்னலைச் சாத்தவில்லை. இந்த வீட்டு இரகசியத்தைக் காக்கிறவர் அவர் என்று எப்படி இத்தனை காலம் நம்பினோம் என்று நினைத்தாள். அவர் காவல்காரராக வாசலில் நிற்கவில்லை. இங்கே, இந்தச் சிமெண்டுத் தரையில், எச்சிலும் இரத்தமுமாகத் தன் பக்கத்தில் கிடக்கிறார். அவள் சுகம் கேட்கவில்லை. "நீரும் இங்கனதான் கிடந்தீரா" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவள் செய்த முதல் ஜெபம். அம்மா அதைப் பிதற்றல் என்று எண்ணி, "பைய, பைய. பேசாத" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாடகர் வரிசையில் அவளுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. ஸ்டெபி பின்பெஞ்சில் தாயோடு உட்கார்ந்திருந்தாள். அறிவிப்புகள் முடிந்து, குருவானவர் ஓலையை எடுத்தார். களக்காடு சேகரச் சபை ஜாஸ்பர், இச்சபை கெசியா, மூன்றாம் முறை, தடை உண்டென்று அறிந்தவர் இப்பொழுதே சொல்ல வேண்டும். அவர் கண் அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

"ஐயரே, தடை இருக்கு."

அவர் நிமிர்ந்து சபையைத் தேடினார். குரல் தமக்கு வலப்பக்கத்தில், பாடகர் வரிசையிலிருந்தே வந்தது என்று அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"அரிசில கெடந்த மாத்திரை என்னுது. எனக்குப் பதினேழு வயசுலேருந்து வலிப்பு இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லலை. ஸ்டெபிக்கு ஒண்ணும் கிடையாது, அது பசி மயக்கம்."

ஒலிபெருக்கி லேசாக இரைந்தது. காது கேளாத பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "என்ன சொல்லுதா?" என்று உரக்கக் கேட்டார். "வலிப்பாம்" என்று அதைவிட உரக்கப் பதில் வந்தது. ஞானசிகாமணி எழுந்தார். ஆசீர்வாதம் சொல்லி முடியுமுன் ஒருநாளும் வெளியேறாத மனிதர், நடுப்பாதையில் எவரையும் பாராமல் நடந்து போனார். குருவானவர் பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்து பாடினார்கள். கெசியாவும் பாடினாள். கர்த்தர் முன்னால் நின்று பாடுகிறோம் என்று அவள் அறிந்து பாடிய முதல் பாட்டு அது. அந்தக் கோயிலில் அவள் பாடிய கடைசிப் பாட்டும் அதுவே.

மதியம் ஜாஸ்பர் போன் செய்தான். "முன்னாடியே சொல்லிருக்கலாம்லா, டீச்சர்?"

"சொல்லிருந்தா?"

கட்டியிருப்பேன் என்று சொல்லாமல் அவன் போனை வைத்துவிட்டான். பொய் சொல்லாதவன் என்று அந்த ஒரு காரியத்துக்காக அவனை மதித்தாள்.

ஸ்டெபியின் வீட்டுக்கு நடந்தே போனாள். ஸ்டெபி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "நல்லா சொன்னக்கா. எல்லாரும் உன்னைத்தான் பேசுதாங்க, என்ன தைரியம்னு. அம்பாசமுத்திரத்துல வேற பொண்ணு பாத்து வெத்தலை மாத்தியாச்சு. வியாழக்கிழமை உன் கையைப் பிடிச்சேன்லா, அன்னைக்குச் சொல்லிருந்தா எனக்கு ஆயிருக்கும்." பிறகு கதவைச் சாத்தினாள்.

இப்போது கெசியா மேலப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் இருக்கிறாள். அச்சகமொன்றில் பிழை திருத்துகிறாள். இரண்டு இடத்திலும் முதல் வார்த்தையாகத் தன் நோயைச் சொல்லித்தான் நுழைந்தாள். வீட்டுக்காரம்மா ஜமீலா பீவி, "வலிப்புதான? வரும்போ ஒரு சத்தம் குடும்மா, ஓடி வாரேன்" என்றார்.

"அப்போ சத்தம் குடுக்க வராதும்மா."

"அப்படியா? அப்போ கதவைத் தாப்பாள் போடாத."

இழந்தவற்றைக் கணக்குச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கெசியா இழந்தவை: களக்காட்டுச் சம்பந்தம், குழந்தைகளின் பாதுகாப்பை உத்தேசித்துப் பள்ளி வேலை, கொஞ்ச நாள் பெஞ்சில் உட்காரச் சொன்னதால் பாடகர் குழு, இங்கே இருக்க வேண்டாம் என்று அப்பா சொன்னதால் பிறந்த வீடு. ஞானசிகாமணி இழந்தவை: கமிட்டிப் பதவி, முன்பெஞ்சு, மகள். அவர் கோயிலுக்குப் போவதில்லை. பாக்கியமணி இழந்தது: பேசுவதற்கு ஆள். ஸ்டெபி இழந்தவை: கல்யாணம், ஒரு சிநேகிதி. வீட்டிலிருந்து கெசியா எடுத்து வந்தது அந்த டப்பாவை மட்டுமே. மாத்திரை ஜன்னல் விளிம்பில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி இருக்கிறது. டப்பாவில் இப்போது அரிசி மட்டும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி போடுகிறாள். அது விளிம்புவரை நிறைந்து, மூடி சரியாக உட்காரவில்லை. எந்தக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.